இரண்டாம் பெட்டி, முப்பட்டைக் கத்தி

இருபத்திரண்டு வருடமாக அருங்காட்சியகத்தில் விளக்க அட்டை எழுதிக்கொண்டிருந்தேன். அத்தனை வருடத்தில் ஒரு ஜீவன்கூட வந்து, இதை எழுதியது யார் என்று கேட்டதில்லை. கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்டிருக்கிறார்கள். ஆகவே அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் காவலாளி என் மேசைக்கு வந்து, "சார், பயனெட் கூடத்துல ஒரு அம்மா நிக்கிறாங்க. ரெண்டாம் பெட்டி அட்டையை எழுதினவரைப் பார்க்கணுமாம்" என்றபோது பேனாவை மூடி வைத்தேன், சட்டையை இழுத்துவிட்டேன், தலையில் மிச்சமிருக்கும் பதினாறு முடிகளையும் ஒரே பக்கமாகப் படிய வைத்தேன். ரசிகை என்று ஒருவர் வந்துவிட்டால் நாமும் அதற்குத் தகுந்தாற்போல் இருக்க வேண்டுமே.

எங்களுடையது ராணுவ அருங்காட்சியகம். அதில் ஒரு நீளக் கூடம் முழுக்கத் துப்பாக்கியின் முனையில் மாட்டிக் குத்துகிற கத்திகள். அட்டைகளில் 'துப்பாக்கி முனைக் கத்தி' என்று எழுதியிருப்பேன். அட்டையைத் தவிர மற்ற எல்லோரும் பயனெட் என்றுதான் சொல்வார்கள், நான் உட்பட. ஐந்து கண்ணாடிப் பெட்டிகள். அவற்றுக்கு மேலே சுவரில் பெரிய எழுத்தில் 'வளர்ச்சி' என்று ஒரு சொல். அதுவும் என் கைங்கரியம்தான்.

அந்த அம்மாவுக்கு அறுபது வயது இருக்கும். தோளில் துணிப்பை. பெருவிரலும் ஆள்காட்டி விரலும் பழுப்பேறிப்போய், நுனியில் பொடிப்பொடியாகத் தழும்புகள்.

"நீங்களா எழுதினது?"

"நான்தாங்க." கொஞ்சம் சிரித்தும் வைத்தேன்.

"எழுத்து அழகா இருக்கு."

"ஏதோ நம்மால முடிஞ்சது."

"கடைசி வரியை ஒரு தடவை படிக்கிறீங்களா?"

படித்தேன். கவியரங்கத்தில் படிப்பதுபோலத்தான் படித்தேன். "'இந்த முப்பட்டைக் கத்தி நூறு ஆண்டுகளுக்கு முன்பே உலகெங்கும் முற்றிலும் வழக்கொழிந்தது.'"

"இந்த வரியை வச்சுத்தான் என் தம்பி வேலிக் கம்பியில விழுந்து செத்தான்னு சொல்றாங்க" என்றார் அந்த அம்மா.

சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் அது முகத்திலேயே கிடந்தது.

விஷயம் இதுதான். முப்பத்தொரு வருடத்துக்கு முன் நூற்பாலையில் வேலைநிறுத்தம். ஆலை வாசலில் கூட்டம். ரிசர்வ் போலீஸ் வந்தது. நான்கு பேர் செத்தார்கள். மூன்று பேர் உடம்பில் குண்டு இருந்ததால் அதை யாரும் இல்லையென்று சொல்ல முடியவில்லை. நான்காவது ஆள் இவருடைய தம்பி, ஆலையில் ஃபிட்டர், இருபத்தேழு வயது. அவர் உடம்பில் குண்டு இல்லை. 'தப்பியோடி வேலி ஏறியபோது கம்பி முனையில் விழுந்து இறந்தார்' என்று பதிவேட்டில் எழுதிவிட்டார்கள். இப்போது அரசு மாறி, ஒரு ஓய்வுபெற்ற நீதிபதியைப் போட்டு மறு விசாரணை நடக்கிறது. இந்த அம்மா போய், என் தம்பியைக் குத்தினார்கள், காயம் மூன்று பட்டையாக இருந்தது, நானே பார்த்தேன் என்று சொல்லியிருக்கிறார். அரசு வழக்கறிஞர் எழுந்து, மூன்று பட்டைக் கத்தியா, அது அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது என்று சொல்லி, என் அட்டையைப் படம் பிடித்து நீதிபதியின் மேசையில் வைத்துவிட்டார்.

"அவனுக்கு ஒரு கால் சூம்பின கால், சார். சின்ன வயசுல காய்ச்சல் வந்து போனது. வாசப்படி ஏறவே சுவரைப் பிடிப்பான். அவன் எப்படி வேலி ஏறுவான்னு கேட்டேன். பயம் வந்தா கால் தானா வந்துடும்மான்னு அந்த வக்கீல் சொல்றார். எல்லாரும் சிரிச்சாங்க." பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினார். "செத்தது செத்தான். ஓடினான்னு எழுதி வச்சிருக்காங்களே, அதை மாத்தணும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம். நூறு வருஷம் முன்னாடியே இது நின்னுபோச்சுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

இந்த மாதிரிக் கேள்விக்கு என்னிடம் ஒரே பதில்தான் உண்டு. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு முதல் பெட்டியிலிருந்து நடக்க ஆரம்பித்துவிடுவேன். அன்றும் நடந்தேன். கால் வேறு எதையும் பழகவில்லை.

முதல் பெட்டி, செருகு கத்தி. அந்தக் காலத்துத் துப்பாக்கியை ஒரு தடவை சுட்டால் மறுபடி மருந்து கிட்டித்து முடிப்பதற்குள் குதிரைக்காரன் வந்து தலையைக் கொண்டுபோய்விடுவான். அதனால் கத்தியின் மரப்பிடியைச் சீவிக் குழலின் வாயிலேயே அடைத்தார்கள். ஈட்டி தயார். ஆனால் வாய் அடைத்த துப்பாக்கி சுடாது. அவசரத்தில் இறுக்கி அடைத்துவிட்டுப் பிடுங்க முடியாமல் நின்றவனுக்கு இரண்டும் இல்லை. இரண்டாம் பெட்டி, குழாய்க் கத்தி. கத்தியின் அடியில் ஒரு குழாய், குழாயில் வளைந்த ஒரு காடி, அதாவது வெட்டுப் பள்ளம். குழலுக்கு வெளியே மாட்டித் திருகினால் பூட்டிக்கொள்ளும், கத்தி கொஞ்சம் ஒதுங்கி நிற்கும். சுடவும் செய்யலாம், குத்தவும் செய்யலாம். மூன்று பட்டை வைத்தது எடை குறையவும் வளையாமல் நிற்கவும். மூன்றாம் பெட்டி, வாள் கத்தி. முழங்கையையும் தாண்டிய நீளம். மாட்டினால் துப்பாக்கி மூக்குக் குப்புறச் சாயும். நான்காம் பெட்டி, முதுகில் ரம்பப் பல் வைத்தது. மரம் அறுக்கத்தான் பல். ஆனால் இதோடு பிடிபட்டால் எதிரி உயிரோடு விடமாட்டான் என்று பயந்து, சில சிப்பாய்கள் தாங்களே பல்லை அராவிவிட்டார்களாம். ஐந்தாம் பெட்டி, சாண் நீளம். டப்பா திறக்கலாம், கம்பி வெட்டலாம், எப்போதாவது ஆளையும் குத்தலாம்.

அந்த அம்மா ஒவ்வொரு பெட்டியாகக் குனிந்து பார்த்துக்கொண்டே வந்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகளைவிட நன்றாகக் கேட்டார்.

"ஒண்ணு வந்ததும் அதுக்கு முன்னாடி இருந்தது எங்க போகும்?"

"போயிடும்."

"எங்க?"

"அதாவது... ஒழிஞ்சிடும்."

"இரும்பு எப்படிங்க ஒழியும்? நான் தோல் கையுறை தைக்கிற தொழிற்சாலையில இருக்கேன். புது மிஷின் வந்தப்ப பழசை யாரும் ஒழிக்கல. பின்கட்டடத்துக்குத் தள்ளினாங்க. நான் இன்னும் அதுலதான் தைக்கிறேன்."

என் கண் இரண்டாம் பெட்டிக்குப் போனது.

அவர் பையிலிருந்து ஒரு துண்டுத் தோலும் இரண்டு ஊசியும் எடுத்தார். "இது துணி ஊசி, உருண்டை. இது தோல் ஊசி. தடவிப் பாருங்க, மூணு பட்டை." இரண்டையும் தோலில் குத்தி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். ஒன்று புள்ளியாக இருந்தது. மற்றது மூன்று கால் விரித்த சின்னப் பூச்சி. "அவனைக் குளிப்பாட்டினது நான். விலாவுக்குக் கீழ, முன்பக்கம், இதே மாதிரி இருந்துச்சு. பெருசா. ஆலை வேலி இன்னும் அப்படியேதான் நிக்குது, போய்ப் பாருங்க. முனை எல்லாம் இலை மாதிரித் தட்டை."

முன்பக்கம் என்பதை அவர் அழுத்திச் சொல்லவில்லை. எனக்குத்தான் அழுத்தமாகக் கேட்டது.

அவர் போனதும் கிடங்குக்கு இறங்கினேன். தேடுவதற்கு ஒன்றும் இல்லை. எல்லாம் எனக்குத் தெரியும். தெரியாது என்று ஆகிவிடாதா என்ற நப்பாசைதான்.

பதினெட்டு வருடத்துக்கு முன் கூடத்தைப் புதுப்பித்தோம். ஒன்றிலிருந்து ஐந்து வரை படிப்படியாக வர வேண்டும் என்று திட்டம். இரண்டாம் படிக்கு எங்களிடம் இருந்தது துருப்பிடித்து, கரையான் புற்றிலிருந்து எடுத்ததுபோல் இருந்தது. அதே சமயத்தில் எங்கிருந்தோ நாற்பது முப்பட்டைக் கத்திகள் மரப்பெட்டியில் வந்து இறங்கின, கருகரு என்று, கட்டுக் குலையாமல். அதில் ஒன்றை எடுத்து வைத்து, 'இருநூறு ஆண்டுகளுக்கு முன்' என்று எழுதிவிட்டேன். வடிவம் ஒன்றுதானே என்று நினைத்தேன். எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு இந்த வியாதி உண்டு. வரிசையில் ஒரு இடம் காலியாக இருந்தால் கை சும்மா இருக்காது.

மரப்பெட்டியின் மூடிக்குள் ஒப்படைப்புப் பட்டியல் மடித்த மடிப்பிலேயே இருந்தது. அனுப்பியது: ரிசர்வ் போலீஸ் ஆயுதக் கிடங்கு. பொருள்: பழைய ஒற்றைச் சுடு துப்பாக்கிக்கான முப்பட்டை பயனெட், நாற்பது. பயன்பாட்டிலிருந்து நீக்கிய வருடம் என்று ஒரு கட்டம். ஆலை வாசல் சம்பவம் நடந்து நான்கு வருடத்துக்குப் பிந்தைய வருடம் அதில் இருந்தது. பெற்றுக்கொண்டவர் என்ற இடத்தில் என் கையெழுத்து. சுழித்து, கீழே கோடு வேறு போட்டிருந்தேன்.

எல்லைக்குப் போகும் படைக்குப் புதுசு போயிருக்கிறது. பழசு பின்கட்டடத்துக்கு வந்திருக்கிறது. பின்கட்டடம் என்பது நாங்கள் குடியிருக்கும் ஊர்.

பட்டியலை எடுத்துக்கொண்டு இயக்குநர் அறைக்குப் போனேன். எங்கள் இயக்குநர் கெட்டவர் இல்லை. கண்ணாடி ஒன்றை நெற்றியிலும் ஒன்றை மூக்கிலும் போட்டுக்கொண்டு மூன்றாவதைத் தேடுகிறவர்.

"இப்ப என்ன, அந்த அட்டை தப்புன்னு சொல்றியா?"

"தப்பு சார்."

"மொத்தம் எத்தனை அட்டை எழுதியிருப்ப?"

"ரெண்டாயிரம் இருக்கும்."

"ஒண்ணு தப்புன்னு நீயே போய்ச் சொன்னா, மத்த ரெண்டாயிரத்தை எவன் நம்புவான்?"

"அதுலயும் சிலது கொஞ்சம் அப்படி இப்படித்தான் சார்."

"வாயை மூடு." எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். "விசாரணை முடியட்டும். முடிஞ்ச மறுநாள் அட்டையை மாத்திடலாம். நானே கையெழுத்துப் போடுறேன். சத்தமில்லாம முடிஞ்சிடும்."

"அந்த அம்மா சார்..."

"உன் வேலை எழுதுறது. சாட்சி சொல்றது இல்ல. அந்தப் பக்கம் போனா திரும்பி இந்த மேசைக்கு வரமாட்ட. சொல்லிட்டேன்."

நான் வீரன் இல்லை. பயனெட் கூடத்தில் இருபத்திரண்டு வருடம் குப்பை கொட்டியவன், ஊசி போடப் போனாலே முகத்தைத் திருப்பிக்கொள்வேன். மாலை வீட்டுக்கு வந்து, யாரோ ஒருவருக்கு நடந்ததுபோல மனைவியிடம் சொன்னேன். அவள் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. அப்போது நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல் கேட்டாள்.

"அந்த யாரோ ஒருத்தருக்கு வழுக்கையா?"

"கொஞ்சம்."

"பார்க்காமலே உலகெங்கும்னு எழுதினாராக்கும் அவர்?"

"எழுதிட்டார்."

"முற்றிலும்னு வேற." ஒரு பக்கத்தைச் சரக்கென்று கிழித்தாள். "என்கிட்ட ஏழு வயசுப் பிள்ளை தப்பா எழுதினாலே, போய் அழிச்சு எழுதிட்டு வான்னு அனுப்புவேன். பக்கத்துப் பிள்ளை அழிக்கட்டும்னு சொல்லமாட்டேன்."

"வேலை போயிடும்டி."

"போகாது. எங்கயாவது மூலையில போடுவாங்க. மூலை உங்களுக்குப் புதுசா என்ன? போய்ச் சாப்பிடுங்க, ஆறுது."

அந்த வாரமே விசாரணை ஆணையத்துக்குக் கடிதம் எழுதினேன். என் வாழ்க்கையிலேயே அடைமொழி இல்லாமல் எழுதிய ஒரே கடிதம் அதுதான்.

விசாரணை, பழைய நில அளவை அலுவலகத்தின் மாடியில். நீள மேசை, ஒரு பக்கம் நீதிபதி, சுவரோரம் இரும்பு நாற்காலிகள். அந்த அம்மா முன்வரிசையில், மடியில் துணிப்பை. என்னைப் பார்த்துத் தலையை ஒருமுறை அசைத்தார். நான் பட்டியலைக் கொடுத்தேன், நடந்ததைச் சொன்னேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பிறகு அரசு வழக்கறிஞர் எழுந்தார். ரொம்ப மரியாதையான மனிதர்.

"ஐயா, இந்த அட்டையை எழுதினது நீங்கதான்?"

"நான்தான்."

"இது பொய்னு சொல்றீங்க."

"ஆமா."

"எத்தனை வருஷமா பொய்?"

"பதினெட்டு."

"இதுக்கு மேல் வரியில, 'முப்பட்டைக் காயத்தைத் தைக்கவே முடியாது'ன்னு எழுதியிருக்கீங்க. மருத்துவம் படிச்சிருக்கீங்களா?"

"இல்லைங்க. அது கேள்விப்பட்டது. பிள்ளைங்க அந்த வரியைப் படிச்சா நின்னு பார்ப்பாங்க, அதனால..."

நாற்காலிகளில் சிரிப்பு. நீதிபதி பென்சிலால் மேசையைத் தட்டினார்.

"ஆக, ஆள் நின்னு பார்க்கணும்னா எதையும் எழுதுவீங்க. இன்னைக்கு இத்தனை பேர் உங்களைப் பார்க்கிறாங்க. இன்னைக்குச் சொல்றது மட்டும் எப்படி ஐயா நிஜம்?"

இரண்டாயிரம் அட்டை எழுதிய ஆளுக்கு ஒரு வரி வரவில்லை. அந்த அம்மா என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவனை நம்பி வந்தோமே என்று நினைத்திருப்பார். நானாக இருந்தால் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

நீதிபதிதான் கடைசியில் பேசினார். "ஆள் பொய் சொல்லலாம். பொருளைக் கொண்டு வாங்க, பார்ப்போம்."

அடுத்த அமர்வுக்கு இயக்குநரே இரண்டாம் பெட்டிக் கத்தியை, எங்களிடம் இருந்த அதே வகைத் துப்பாக்கியின் குழலில் மாட்டி, துணியில் சுற்றி எடுத்து வந்தார். என் பக்கம் திரும்பவில்லை. அந்த அம்மா தன் தொழிற்சாலையிலிருந்து ஒரு மரச்சட்டம் கொண்டுவந்திருந்தார், தோலை இழுத்துக் கட்டி ஆணி அடித்தது. ஆலை வேலியின் கம்பி முனை ஒன்றையும் ஆணையத்து ஊழியர் அறுத்துக் கொண்டுவந்திருந்தார். முதலில் கம்பியைச் சுத்தியலால் அடித்து இறக்கினார்கள். தோலில் ஒரு கீறல், வாய் மூடிய உதடுபோல.

"இப்ப அதை யார் குத்துறது?" என்று நீதிபதி கேட்டார். யாரும் எழுந்திருக்கவில்லை. "நீங்களே வாங்க" என்றார் என்னிடம். "உங்க அட்டைதானே."

துப்பாக்கி நான் நினைத்ததைவிடக் கனம். இருபத்திரண்டு வருடம் அதன் நீளத்தையும் எடையையும் எழுதியவன், எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் குடையைப் பிடிப்பதுபோல் பிடித்தேன். காவலர் ஒருவர் வந்து என் இடது கையை நகர்த்தி வைத்தார். இரண்டு பேர் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்கள்.

"எவ்வளவு பலமா?" என்றேன்.

உள்ளே தாழ் போட்டிருக்கும் என்று நினைத்து ஒரு கதவைத் தள்ளுவோமே, அப்படித் தள்ளினேன். தாழ் போட்டிருக்கவில்லை. கத்தி மொத்தமும் போய், நானும் பின்னாலேயே போய்ச் சட்டத்தில் முட்டிக்கொண்டு நின்றேன். போன தடவை சிரித்தவர்கள் இந்தத் தடவை சிரிக்கவில்லை. இழுத்தால் வரவில்லை, தோல் பிடித்துக்கொண்டது. சட்டத்தில் கால் வைத்து இழுக்கச் சொன்னார் காவலர். அப்படித்தான் சொல்லிக்கொடுப்பார்களாம்.

வெளியே எடுத்ததும் நீதிபதி பழைய பிரேதப் பரிசோதனைக் காகிதத்தைத் தோலின் பக்கத்தில் வைத்தார். டாக்டர் அன்றைக்குப் பென்சிலில் ஒரு சின்னப் படம் போட்டிருந்தார். மூன்று கால். தோலிலும் மூன்று கால். அரசு வழக்கறிஞர் குனிந்து பார்த்துவிட்டு, கேட்க ஒன்றுமில்லை என்று உட்கார்ந்துவிட்டார்.

அந்த அம்மா அந்த ஓட்டையைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நடுங்குது பாருங்க உங்களுக்கு. வெறும் தோலுக்கே."

"ஆமாக்கா."

"அன்னைக்குக் குத்தினவனுக்கும் நடுங்கியிருக்குமா?"

"தெரியலக்கா."

அதோடு முடிந்திருந்தால் நான் ஏதோ நல்ல காரியம் செய்த திருப்தியில் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருப்பேன். நீதிபதி கத்தியின் குழாயை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒவ்வொண்ணுக்கும் எண் போடுவாங்களே. இந்தக் குழாயை அந்தந்தத் துப்பாக்கிக்கு அராவித்தானே பொருத்துவாங்க. ரெண்டுலயும் ஒரே எண் இருக்கணும்."

"இருந்துச்சுங்க" என்றேன்.

"ரிசர்வ் போலீஸ் வழங்கு பதிவேடு என்கிட்ட இருக்கு. அன்னைக்கு எந்த எண் துப்பாக்கி எந்த ஆள் கையில இருந்ததுன்னு அதுல இருக்கு. நாற்பதையும் பரிசோதனைக்கு அனுப்பினா, ஏதாவது ஒண்ணுல காடிக்குள்ள ரத்தம் மிச்சம் இருக்கலாம். எண் எங்க?"

நீதிபதி குழாயை என் பக்கம் நீட்டினார்.

"தேய்ச்சு எடுத்துட்டோம்."

"எதுக்கு?"

"விளக்கு வெளிச்சத்துல அசிங்கமா தெரிஞ்சது. எங்க எண்ணைப் போடணும், அதனால..."

"இந்த ஒண்ணை மட்டுமா?"

"நாற்பதையும். பாலிஷ்காரர் வந்திருந்தார். வந்ததோட எல்லாத்தையும் முடிச்சிடலாம்னு நான்தான் சொன்னேன். அமிலத்துல முக்கி, கம்பி நாரால தேய்ச்சு, எண்ணெய் போட்டு..." நான் ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. "ரொம்பச் சுத்தமா செஞ்சார்."

நீதிபதி கத்தியை மேசைமேல் வைத்தார். எதையோ எழுதினார். அந்த அம்மா எழுந்து, சட்டத்திலிருந்து தோலைக் கழற்றி நாலாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, என்னைத் தாண்டிப் படியிறங்கிப் போனார். நானும் பின்னால் போனேன். மன்னிப்புக் கேட்கலாம் என்று. தெருமுனை வரைக்கும் வாயில் வரவில்லை. பேருந்து வந்தது, ஏறிவிட்டார்.

இயக்குநர் சொன்ன சொல் தவறாதவர். மறுநாளே என்னைப் பை காப்பிடத்துக்கு மாற்றினார். பார்வையாளர் பையை வாங்கி, வில்லையைக் கொடுத்து, திரும்ப வில்லையை வாங்கி, பையைக் கொடுப்பது. இரண்டிலும் ஒரே எண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்த வேலையில் இதுவரை நான் தப்பு செய்யவில்லை.

இரண்டு மாதம் கழித்து அந்த அம்மா அங்கே வந்தார். பையை நீட்டவில்லை. பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார்.

"ஆணை வந்துடுச்சு. பதிவாளர் ஆபீஸ்ல இதை ஏத்தணும். சாட்சிக் கையெழுத்து ஒண்ணு வேணுமாம். தொழிற்சாலையில மதியச் சாப்பாட்டு நேரத்துலதான் வெளிய விட்டாங்க. வர்றீங்களா?"

"என்னையா அக்கா?"

"வேற யாரைக் கூப்பிட? ஆலை வாசல்ல அன்னைக்குப் பார்த்தவங்கள்ல இன்னும் உயிரோட இருக்கிறவங்க யாரும் வாயைத் திறக்கமாட்டாங்க. நீங்கதான் திறந்துட்டு மூடத் தெரியாம நிக்கிறீங்க."

காவலாளியை உட்கார வைத்துவிட்டு வந்தேன். நடந்துகொண்டே ஆணையைப் படித்தேன். பதிவேட்டில் இருப்பதை நீக்கி, 'நின்ற நிலையில், முன்புறமாக, முப்பட்டைக் கூராயுதத்தால் ஏற்பட்ட காயத்தினால் இறந்தார்' என்று எழுத வேண்டும். அதற்குக் கீழே இன்னொரு வரி: ஆயுதத்தை ஏந்தியிருந்தவர் யார் என்று கூற இயலவில்லை. ஏன் இயலவில்லை என்ற காரணத்தை நீதிபதி எழுதவில்லை. பெரிய மனது.

"ஆயுதத்தாலன்னு போட்டிருக்கு" என்றார் அந்த அம்மா. "ஆள் இல்லை. கத்தி தானா நடந்து வந்து குத்திட்டுப் போயிருக்கு."

"அக்கா, அந்த எண்ணை நான்..."

"தெரியும். கேட்டேனே அன்னைக்கு." "உங்களைத் திட்டணும்னு நாலு நாள் யோசிச்சேன். சரியா ஒரு வார்த்தை வரல. விடுங்க, நேரமாகுது."

பதிவாளர் அலுவலகத்தில் எழுத்தர் முப்பத்தொரு வருடத்துக்கு முந்தைய தொகுதியைத் தூசி தட்டிப் பிரித்தார். பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஆணையை இரண்டு தடவை படித்தார். அளவுகோலை வைத்து, 'தப்பியோடி வேலி ஏறியபோது கம்பி முனையில் விழுந்து' என்பதன்மேல் கோடு இழுத்தார். மேலே இருந்த குறுகிய இடத்தில், பொடியெழுத்தில், நீல மையில் புதியதை எழுதினார். நல்ல கையெழுத்து. ஓரத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். சுழிக்கவில்லை, கோடு போடவில்லை.

எழுத்தர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தொகுதியை மூடப் போனார். அந்த அம்மா பழுப்பேறிய விரல்களைப் பக்கத்தின் ஓரத்தில் வைத்தார்.

"மூடாதீங்க. மை காயல."

"அதெல்லாம் காஞ்சிடும்மா."

"எதிர்ப்பக்கத்துல ஒட்டிக்கும். இருங்க."

எழுத்தர் என்னைப் பார்த்தார். நான் மேசையைப் பார்த்தேன். அவர் கையை எடுத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். மூன்று பேரும் அந்த ஒரு வரியைப் பார்த்துக்கொண்டிருந்தோம், அது முழுக்கக் காயும் வரை.